துளி டிரெய்லருக்கு ஏர்கோன் வாங்கும் முன்

பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் இரவு இரண்டு மணிக்கு வெளியே 26 டிகிரிதான் இருக்கும். சூடு என்று சொல்ல முடியாது. ஆனாலும் டிரெய்லருக்குள் படுத்திருப்பவருக்கு முதுகு மெத்தையோடு ஒட்டுகிறது, போர்வை துவைத்துக் காயாத துணி மாதிரி இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டி நிற்பதுதான் காரணம். டியர்டிராப் எனப்படும், காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே படுத்துக்கொள்ளும் துளி வடிவ டிரெய்லருக்கு ஏர்கோன் தேடுபவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு வருகிறார்கள். அரிசோனாவின் வறண்ட சூட்டுக்குப் பொருந்திய கணக்கு கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் பொருந்தாது. நம் ஊரில் ஏர்கோனுக்கு முதல் வேலை காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்து வெளியே தள்ளுவது. குளிர்ச்சி அதன் பின்னால் தானே வரும்.

கேமரன் மலைக்கும் பிரேசர் மலைக்கும் மட்டுமே போகிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. அங்கே கூரையில் ஒரு காற்றாடியும் ஒரு கம்பளியும் போதும்.

எவ்வளவு பிடியூ வேண்டும்

பிடியூ என்பது ஏர்கோனின் குளிர்விக்கும் திறனைச் சொல்லும் அளவு. உள்ளே 1.5 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் உயரம் உள்ள டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 13 சதுர மீட்டர். பிளைவுட் பலகைகளுக்கு நடுவே 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் நுரைப்பலகை வைத்துக் கட்டியிருந்தால், மரச் சட்டங்களின் வழியாகக் கடத்தப்படுவதையும் சேர்த்து, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 1.2 வாட் வெப்பம் உள்ளே வரும்.

பகல் மூன்று மணி. வெளியே 33 டிகிரி, உள்ளே 25 வேண்டும். சுவர் வழியாக 125 வாட். வெயிலில் கூரைத் தகடு 60 டிகிரி வரை ஏறினால் அதனால் மட்டும் இன்னும் 160 வாட். உள்ளே இருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் 200 வாட். இருவர் மூச்சுவிட நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். அதைக் குளிர்வித்து உலர்த்த 350 வாட். ஜன்னல் கண்ணாடிக்கும் விசிறிக்கும் 100 வாட் சேர்த்தால் மொத்தம் 950 வாட் அருகில் வருகிறது. 3.41 ஆல் பெருக்கினால் 3,200 பிடியூ.

இரவில் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வெளியே 26, உள்ளே 24. சுவர் வழியாக வருவது வெறும் 30 வாட். தூங்கும் இருவருக்கு 150. விசிறி மோட்டாருக்கு 30. ஆனால் வெளிக்காற்றுக்கு 270 வாட், அதிலும் பத்தில் ஒன்பது பங்கு ஈரத்தை நீராக்கச் செலவாகிறது. மொத்தம் 480 வாட், அதாவது 1,650 பிடியூ. இதில் பாதிக்கு மேல் தண்ணீருக்கான செலவு.

ஆக 3,500 முதல் 5,000 பிடியூ வரை உள்ளது நம் டிரெய்லருக்குச் சரியான அளவு. 2,300 பிடியூ அளவில் வரும் சின்னஞ்சிறு இயந்திரங்கள் இரவுத் தூக்கத்துக்குப் போதும், பகல் வெயிலில் திணறும். கூரைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு வெள்ளைத் தார்ப்பாய் கட்டினால் அந்த 160 வாட் அநேகமாக மறைந்துவிடும். மொத்த விஷயத்தில் மிக மலிவான வேலை இதுதான், பலரும் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

1 எச்பி ஏன் கூடாது

கடையில் போய்க் கேட்டால், "சின்ன இடம்தானே, ஒரு எச்பி போதும்" என்பார்கள். 1 எச்பி என்பது 9,000 முதல் 10,000 பிடியூ. இரவில் நமக்கு வேண்டியதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல்.

அப்படிப் பெரிதாகப் போட்டால், மூன்று நான்கு நிமிடத்தில் காற்று 22 டிகிரிக்கு இறங்கிவிடும். தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்தும். காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலில் அப்போதுதான் நீர்த்துளி திரண்டு சொட்டத் தொடங்கியிருக்கும். கம்ப்ரசர் நின்றாலும் விசிறி ஓடிக்கொண்டிருப்பதால் அந்த நீர் மறுபடி காற்றிலேயே கலந்து அறைக்குத் திரும்பும். விடியும்போது உள்ளே 22 டிகிரியும் 80 விழுக்காடு ஈரமும் இருக்கும். உடம்பு சில்லிட்டுப் போயிருக்கும், படுக்கை விரிப்பு மட்டும் பிசுபிசுக்கும். குகைக்குள் படுத்த மாதிரி.

சின்ன இயந்திரம் இடைவிடாமல் ஓடும்போது காயில் எப்போதும் குளிர்ந்தே இருக்கும், தண்ணீர் தொடர்ந்து வெளியேறும். வேகத்தைக் குறைத்து ஓடத் தெரிந்த இன்வர்ட்டர் கம்ப்ரசர் என்றால் இன்னும் நல்லது. வாங்குகிறபோது அதன் அதிகபட்ச பிடியூவைவிடக் குறைந்தபட்ச பிடியூ என்ன என்று கேளுங்கள். விற்பவருக்கே அது தெரியாமல் இருக்கும். விவரத் தாளில் இருக்கும்.

சின்ன மின்னணு ஈரமானி ஒன்று வாங்கி உள்ளே மாட்டுங்கள். 25 டிகிரியில் 55 முதல் 60 விழுக்காடு வந்துவிட்டால் தூக்கம் வரும். ஏர்கோனை 18 டிகிரிக்கு இறக்க வேண்டிய தேவையே இருக்காது.

என்னென்ன வகை கிடைக்கிறது

ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் ஏர்கோன்தான் கடைகளில் எளிதாகக் கிடைப்பது, டிரெய்லருக்கு மிக மோசமானதும் அதுதான். சூட்டை வெளியேற்றும் பாகமான கண்டென்சரைக் குளிர்விக்க அது அறைக் காற்றையே இழுத்து வெளியே ஊதுகிறது, மணிக்கு 200 முதல் 300 கன மீட்டர் வரை. டிரெய்லருக்குள் இருப்பதே நான்கு கன மீட்டருக்குக் குறைவு. நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே உள்ள காற்று முழுவதும் வெளியே போய், கதவிடுக்கு வழியாகப் பச்சை ஈரக்காற்று உள்ளே வருகிறது. 2,600 வாட் இயந்திரத்தின் சக்தியில் 1,800 வாட் அந்தக் காற்றை உலர்த்தவே போய்விடும். 25 முதல் 30 கிலோ எடையுள்ள பெட்டி படுக்கையில் பாதியை அடைத்துக்கொள்ளும் என்பது தனிக் கதை.

இரட்டைக் குழாய் வகையில், கண்டென்சருக்கான காற்று வெளியிலிருந்தே வந்து வெளியே போகும். பேட்டரியில் ஓடும் சிறிய வகைகள் பல இப்படி வருகின்றன. எடுத்துக்காட்டாக இக்கோஃப்ளோ வேவ் 2 என்பது 5,100 பிடியூ, 14.5 கிலோ. டிரெய்லரில் ஓட்டை போட மனமில்லாதவர்களுக்கு இதுவே முதல் தேர்வு: பெட்டியை வெளியே வைத்து, குளிர்காற்றுக் குழாயையும் திரும்பு குழாயையும் ஜன்னல் பலகை வழியாக உள்ளே விடலாம். அப்படி வெளியே வைக்கும்போது, உள்ளே வரும் இரண்டு குழாய்களும் குளிர்ச்சிப் பக்கத்துக் குழாய்கள் என்பதால் அவற்றுக்கு நுரை உறை கட்டாயம். இல்லையென்றால் இரவு முழுவதும் குழாய் வியர்த்துச் சொட்டும். மழையில் நனையாமல் மேலே ஒரு மறைப்பும் வேண்டும்.

அமெரிக்கக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் 5,000 பிடியூ ஜன்னல் ஏர்கோனும், 2,500 பிடியூ கிளைமேட்ரைட் என்ற சிறிய ஏர்கோனும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானவை. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைப் பாதியாக்கிவிடலாம், ஹெர்ட்ஸை அது மாற்றாது. 50 ஹெர்ட்ஸில் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், சூடேறும், சீக்கிரம் போய்விடும். மலிவாகக் கிடைக்கிறது என்று வரவழைக்க வேண்டாம்.

கூரை ஏர்கோன் பெரிய கேரவனுக்கு உரியது. எடை 20 முதல் 35 கிலோ, கூரையில் ஏறத்தாழ 36 அல்லது 40 செ.மீ. சதுர ஓட்டை வேண்டும். துளி டிரெய்லரின் வளைந்த கூரையில் அது சமமாக உட்காராது. உள்ளே எழுந்து உட்கார்ந்தால் தலையில் இடிக்கும்.

இருக்கைக்கு அடியில் வைக்கும் வகை நன்றாக வேலை செய்யும். டுரூமா சஃபீர் காம்பேக்ட் 1,800 வாட் குளிர்ச்சி, சுமார் 20 கிலோ. துளி டிரெய்லருக்கு இது சற்றே பெரிது. விலைதான் பலரைத் தயங்க வைக்கும்.

வீட்டு ஸ்பிளிட் ஏர்கோனை டிரெய்லரைக் காரோடு இணைக்கும் முன் நாக்கில் மாட்டி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். உள்பெட்டியே 80 செ.மீ. அகலம். அதைவிட முக்கியம், செம்புக் குழாய்களின் விரித்து முறுக்கிய இணைப்புகள் சுவரில் அசையாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டவை. நெடுஞ்சாலை அதிர்வில் நாளடைவில் தளர்ந்து கேஸ் கசியும். குழாயை ஒரு முழு வட்டமாக வளைத்து விட்டால் கொஞ்சம் தாங்கும்.

லோரிகளுக்கான 12 அல்லது 24 வோல்ட் ஏர்கோன்களும் இணையக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. விளம்பரத்தில் உள்ள பிடியூவை நம்பாதீர்கள். இந்த அளவு இயந்திரம் ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 10 பிடியூ தந்தாலே நல்லது. 24 வோல்ட், 20 ஆம்பியர் என்று தகட்டில் இருந்தால் 480 வாட். அது 4,800 பிடியூதான், பெட்டியில் 10,000 என்று அச்சடித்திருந்தாலும். 240 வோல்ட் வகை எதுவானாலும் மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பின் சமையலறையில் பொருத்துவது எப்படி

துளி டிரெய்லரின் பின்கதவுக்குள் இருக்கும் சமையல் அலமாரியில் ஏர்கோனை வைப்பதுதான் பரவலான முறை. குளிர்ச்சி வரவில்லை என்று பட்டறைக்கு வரும் டிரெய்லர்களில் இயந்திரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அது வெளியே விட்ட சூட்டை அதுவே மறுபடி இழுத்துக்கொண்டிருக்கும்.

முதலில் இயந்திரத்தில் காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று டிஷ்யூ தாள் பிடித்துப் பார்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் சுண்ணக்கட்டியால் அம்புக்குறி போடுங்கள். கண்டென்சரின் நுழைகாற்றுக்கு ஒரு பக்கச் சுவரிலும், சூடான காற்றுக்கு எதிர்ப்பக்கச் சுவரிலும் சாய்ந்த சட்டங்கள் கொண்ட லூவர் தகடு வையுங்கள். இரண்டும் ஒரே சுவரில் இருந்தால் குறைந்தது 60 செ.மீ. தள்ளி இருக்கட்டும். தகட்டின் சட்டங்கள் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், இயந்திரத்தின் துவாரத்தைவிட லூவர் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பெரிதாக வேண்டும்.

அதற்குப் பிறகு நடுத்தடுப்பு. அலமாரிக்குள் சூடான பாதிக்கும் குளிர்ந்த பாதிக்கும் இடையே 9 மி.மீ. பிளைவுட் தடுப்பு வைத்து, இயந்திரத்தின் உடலைச் சுற்றி காற்றும் நீரும் புகாத நுரைப் பட்டை ஒட்டுங்கள். விரல் நுழையும் அளவு இடுக்கு விட்டாலும் சூடு அதன் வழியே திரும்பி வரும். சோதிப்பது எளிது: அரை மணி நேரம் ஓட விட்டு, நுழைகாற்று லூவரில் ஒரு வெப்பமானியையும் நிழலில் இன்னொன்றையும் வையுங்கள். நுழைகாற்று வெளிக்காற்றைவிட 3 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் தடுப்பில் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஊதுபத்திப் புகையைக் காட்டினால் இடம் தெரிந்துவிடும்.

உள்ளே வரும் குளிர்காற்றுக் குழாய் 125 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. 100 மி.மீ. குழாயில் காற்று சீழ்க்கை அடிக்கும், காயிலிலும் பனி பிடிக்கும். குளிர்காற்று மேலே கூரையை ஒட்டி ஊதட்டும். திரும்பு காற்று கீழே, எதிர்மூலையிலிருந்து போகட்டும். இரண்டையும் அருகருகே வைத்தால் குளிர்காற்று உடனே திரும்பி உள்ளே போய், தெர்மோஸ்டாட் "அறை குளிர்ந்துவிட்டது" என்று ஏமாந்து நின்றுவிடும். பின்பக்கம் ஏர்கோன் இருக்கும் இடத்தை நோக்கித் தலை வைத்துப் படுக்க வேண்டாம். கால் அந்தப் பக்கம் இருக்கட்டும். இயந்திரத்தின் கீழே ரப்பர் திண்டு வைத்தால் பலகை உறுமுவது குறையும்.

தண்ணீர்

மேலே சொன்ன இரவுக் கணக்கில் மணிக்கு 400 மில்லி தண்ணீர் வரும். எட்டு மணி நேரத்துக்கு 3 லிட்டருக்கு மேல். அது கீழே போகிற வழி சரியாக இல்லையென்றால் பிளைவுட் தரைதான் குடிக்கும்.

வடிகுழாயின் உள்விட்டம் குறைந்தது 12 மி.மீ. ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு. வழியில் எங்கும் ஏறி இறங்கும் தொய்வு இருக்கக் கூடாது. ஆனால் முனையில் ஒரு சிறு 'யு' வளைவு வைத்தால், அதில் நிற்கும் நீர் வெளிக்காற்றையும் எறும்பையும் தடுக்கும். முகாமில் டிரெய்லரை நிறுத்தும்போது வடிகுழாய் இருக்கும் பக்கம் அரை விரல் தாழ்வாக நிற்கட்டும். படுக்கைக்கு மட்டம் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வடிநீரை வாளியில் பிடித்தால் காலையில் ஊற்றிவிடுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு அதுவே தொட்டி.

சில போர்ட்டபிள் வகைகள் நீரைக் கண்டென்சர் மீது தெளித்து ஆவியாக்கிவிடுவதாகச் சொல்லும். வறண்ட நாட்டில் அது நடக்கும். இங்கே தொட்டி நிறைந்து நடுராத்திரி இயந்திரம் நின்றுவிடும். நேரடி வடிகுழாயைத் திறந்து வையுங்கள்.

சுவரிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குளிர்நாட்டு வரைபடங்கள் ஈரத்தடைப் படலத்தைச் சுவரின் உட்புறத்தில் போடச் சொல்லும், அங்கே ஈரம் உள்ளிருந்து வெளியே போகும் என்பதால். ஏர்கோன் ஓடும் நம் டிரெய்லரில் ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. உள்சுவரில் வினைல் ஒட்டினால் அதன் பின்னால் ஈரம் மாட்டிக்கொண்டு சில மாதங்களில் கரும்பூஞ்சை படரும். தடை வெளித்தோலில் இருக்கட்டும், உட்சுவருக்கு வெறும் வார்னிஷ் பூச்சு போதும்.

மின்சாரம்

முகாம்களில் மின்சாரம் பெரும்பாலும் கழிப்பறைக் கட்டடத்திலிருந்து இழுத்த நீண்ட வயரில்தான் வரும். கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் ஓடும் மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். 4 ஆம்பியர் இயந்திரம் ஒரு நொடிக்கு 20 ஆம்பியர் கேட்கலாம். 50 மீட்டர் வயர் 0.75 சதுர மி.மீ. என்றால் அப்போது 50 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துபோகும். கம்ப்ரசர் உறுமிவிட்டு நின்றுவிடும். அதே நீளத்தில் 2.5 சதுர மி.மீ. வயருக்கு இழப்பு 15 வோல்ட்தான். சொந்தமாக 2.5 வயரில் 25 மீட்டர் நீட்டிப்பு ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஜாலான் பாசார் கடைகளில் வயரும் பிளக்கும் உதிரியாகக் கிடைக்கும். உருளையில் சுற்றிய வயரை முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். சுற்றியபடியே இரவெல்லாம் ஓட்டினால் உருளைக்குள் பிளாஸ்டிக் உருகும். டிரெய்லருக்குள் நுழையும் இடத்தில் 30 மில்லிஆம்பியர் கசிவு பிரேக்கர் இல்லாமல் ஈரத் தரையில் 240 வோல்ட்டோடு விளையாட வேண்டாம்.

பேட்டரியில் ஓட்டுவதென்றால், சிறிய இன்வர்ட்டர் கம்ப்ரசர் இரவில் சராசரி 250 வாட் எடுக்கும். எட்டு மணி நேரம் 2,000 வாட்-மணி. மின்மாற்றும் இழப்பைச் சேர்த்தால் 2,300. 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 2,560 இருக்கும். ஓர் இரவுக்கு மட்டும் சரி. கார் பேட்டரியால் இது முடியாது. 200 வாட் சோலார் பலகை நம் மேகமூட்டத்தில் ஒரு நாளைக்கு 600 வாட்-மணி தந்தால் நல்ல நாள். சோலாரில் ஏர்கோன் என்ற பேச்சு அதோடு முடிகிறது. பேட்டரி மின்சாரத்தை 240 வோல்ட்டாக மாற்றும் 1,000 வாட் இன்வர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட் பக்கம் 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு மீட்டருக்கு மிகாத 25 சதுர மி.மீ. வயரும், பேட்டரி முனையை ஒட்டி 125 ஆம்பியர் பியூஸும் போடுங்கள்.

ஜென்செட் எனும் ஜெனரேட்டர் வைப்பவர்கள் 2 கேவிஏ இன்வர்ட்டர் வகைக்குக் குறைந்து போக வேண்டாம். அதைத் தார்ப்பாய்க்கு அடியிலோ கண்டென்சரின் நுழைகாற்றுப் பக்கமோ ஒருபோதும் வைக்காதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்குபவர் எழுவதில்லை. உள்ளே பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

ஏர்கோன் ஓடும்போது எல்லா இடுக்கையும் அடைத்துவிடுவதும் தவறு. நான்கு கன மீட்டரில் இருவர் மூச்சுவிட்டால் காலையில் தலைவலியோடு எழுவார்கள். கூரைக் காற்றுமூடியை இரண்டு விரல் திறந்து, கதவுக்குக் கீழே கொசுவலை போட்ட ஒரு சிறு துவாரம் விடுங்கள். அதற்கான 270 வாட்டைத்தான் மேலே கணக்கில் சேர்த்தோம்.

எடை, உப்பு, பூஞ்சை

பின்னால் 20 கிலோ ஏற்றினால் முன்நாக்கின் பளு குறையும். முழு எடையில் 7 முதல் 10 விழுக்காடு நாக்கில் இருக்க வேண்டும். 500 கிலோ டிரெய்லருக்கு 35 முதல் 50 கிலோ. குளியலறைத் தராசில் நாக்குச் சக்கரத்தை வைத்துப் பார்க்கலாம். குறைந்தால் நெடுஞ்சாலையில் 90ஐத் தாண்டும்போது வால் ஆடும். தண்ணீர்த் தொட்டியையோ பேட்டரியையோ அச்சுக்கு முன்னால் நகர்த்துங்கள். உடலில் ஓட்டை வெட்டி மாற்றம் செய்யும் முன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் விதியைக் கேட்டுவிடுவது நல்லது.

தெலுக் பாஹாங், மோரிப், போர்ட்டிக்சன் என்று கடலோரம் போய் வந்தால், கண்டென்சரின் அலுமினியத் தகடுகளை அன்றே நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். உயரழுத்தக் குழாய் வேண்டாம், தகடு மடங்கிவிடும். பூச்சு போட்ட நீல அல்லது பொன்னிறத் தகடுள்ள கண்டென்சர் கூடுதல் ஆண்டுகள் தாங்கும். ஜெரெபு எனும் புகைமூட்டக் காலத்தில் வடிகட்டியை மூன்று நாளுக்கு ஒரு முறை தட்டி எடுங்கள். காற்று மெலிந்து, காயிலில் வெள்ளையாகப் பனி தெரிந்தால் கேஸ் குறைவு என்று ஆள் கூப்பிடும் முன், கம்ப்ரசரை நிறுத்தி விசிறியை மட்டும் அரை மணி ஓட விட்டு, வடிகட்டியைக் கழுவிப் பாருங்கள்.

வீடு திரும்பும் காலையில், குளிர்ச்சியை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் 30 நிமிடம் ஓட விடுங்கள், கதவைத் திறந்து வைத்து. காயில் காய்ந்த பிறகுதான் டிரெய்லரைப் பூட்ட வேண்டும். அடுத்த பயணத்தில் கதவைத் திறந்ததும் புளித்த துணி வாடை அடித்தால், அந்த அரை மணியைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.